வித்துக்குக் காத்திருத்தல்: லினக்ஸ் கெர்னலில் தற்செயல் எண்களின் சரித்திரம்

கணிப்பொறியின் பெருமை முழுவதும் அது நியதிக்குக் கட்டுப்பட்ட யந்திரம் என்பதிலேயே அடங்கியிருக்கிறது. ஒரே கணக்கை ஆயிரம் முறை கொடுத்தாலும் ஒரே விடையை ஆயிரம் முறை தருவதற்கென்றே அது படைக்கப்பட்டது. என்றைக்கு அவ்விடை மாறுகிறதோ அன்றைக்கு யந்திரம் பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டுகிறோம். அத்தகைய யந்திரத்திடம் நம் பணத்தையும் கடிதங்களையும் ரகசியங்களையும் ஒப்படைக்கும்போதோ, அது தன் இயல்புக்கு நேர்விரோதமான ஒரு காரியத்தைச் செய்தாக வேண்டியிருக்கிறது: எவராலும், அதைக் கட்டியவராலும்கூட, முன்கூட்டி ஊகிக்க முடியாத எண்களை அது பிறப்பிக்க வேண்டும். செய்தியை மறைக்கும் சாவி அப்படிப்பட்ட ஓர் எண்ணேயன்றி வேறில்லை. அந்த எண்ணை வழங்கும் பொறுப்பை இயக்க அமைப்பின் உள்மையமாகிய கெர்னல் ஏற்றுக்கொண்டதும், ஏற்றபின் எதற்கு அஞ்சவேண்டும் என்பதைக் கால் நூற்றாண்டுக் காலம் சரிவர அறியாமல் உழன்றதும், முடிவில் தெளிவு பெற்றதும் ஆகிய சரித்திரம், யந்திர நூலறிவு உடையவர்க்கு மட்டுமின்றி, நம்பிக்கை என்பது எதன்மேல் நிற்கிறது என்று சிந்திக்கும் எவர்க்கும் பயன் தருவதாகும்.

தற்செயல் எண்களின் தேவை கணிப்பொறிக்கு முந்தியது. புள்ளியியலில் மாதிரி எடுப்பதற்காக எல். எச். சி. டிப்பெட் என்னும் ஆங்கிலேயர் மக்கள்தொகைக் கணக்கறிக்கைகளிலிருந்து 41,600 இலக்கங்களைப் பொறுக்கியெடுத்து 1927இல் ஓர் அட்டவணையாகப் பிரசுரித்தார். அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 1947இல் மின்துடிப்புகளை எண்ணும் கருவியொன்றால் பத்து லட்சம் இலக்கங்களை உண்டாக்கி, 1955இல் அவற்றைப் புத்தகமாகவே வெளியிட்டது. 1951இல் மான்செஸ்டரில் நிறுவப்பட்ட ஃபெரான்டி மார்க் 1 கணிப்பொறியில், ஆலன் டூரிங்கின் யோசனைப்படி, மின்சுற்றின் இரைச்சலிலிருந்து தற்செயல் எண்ணைப் பெறுவதற்கென ஒரு கட்டளையே அமைக்கப்பட்டிருந்தது. 1957 முதல் பிரிட்டனின் பிரீமியம் பாண்டுப் பரிசுகளைத் தேர்ந்தெடுத்த எர்னி என்னும் யந்திரமும் நியான் குழாய்களின் இரைச்சலையே ஆதாரமாகக் கொண்டது. முன்னோர், தற்செயல் என்பதைக் கணக்குக்கு வெளியே, பௌதிக உலகத்திலிருந்தே கொண்டுவர வேண்டும் என்பதை அறிந்திருந்தார்கள்.

ஆனால் வெளியிலிருந்து கொண்டுவருவது மந்தமான வேலை; அன்றியும், அப்படிப் பெற்ற எண்வரிசையைச் சோதனைக்காக மீண்டும் பெற இயலாது. ஆகவே ஒரு சிறு வித்தெண்ணிலிருந்து கணக்கின் மூலமாகவே நீண்ட எண்வரிசையை வளர்த்தெடுக்கும் முறைகளை ஜான் வான் நாய்மனும் டி. எச். லேமரும் 1940களின் பிற்பகுதியில் வகுத்தார்கள். அவை விஞ்ஞானக் கணக்கீடுகளுக்குப் பெரிதும் உதவின என்றாலும், அவற்றின் சந்ததிகள் எல்லாம் நல்லவையாக அமையவில்லை. 1960களில் பரவலாக வழங்கிய ராண்டு என்னும் ஐபிஎம் நிரல் தரும் எண்களை மும்மூன்றாக எடுத்து வெளியில் புள்ளிகளாகக் குறித்தால், அவை யாவும் 15 தளங்களுக்குள்ளேயே ஒழுங்காக அடுக்கிக் கிடக்கும் என்பது பிற்பாடு புலப்பட்டது.

இங்கே ஒரு பேதத்தைத் தெளிவாக உணர்ந்துகொள்ள வேண்டும். புள்ளியியலாருக்கு எண்கள் சீராகப் பரவியிருந்தால் போதும். சங்கேத சாஸ்திரத்துக்கோ அது போதாது. எல்லாப் பரீட்சைகளிலும் தேறிவிடும் எண்வரிசையும், அதன் வித்தை ஒருவன் ஊகித்துவிட்டால், அவனுக்கு மனப்பாடமான பாடமாகிவிடுகிறது. 1995 செப்டம்பரில் இவ்வுண்மை உலகறிய வெளிப்பட்டது. பெர்க்லியில் மாணவர்களாக இருந்த இயன் கோல்ட்பெர்க், டேவிட் வாக்னர் ஆகிய இருவரும், அக்காலத்தில் பெரும்பாலோர் பயன்படுத்திய நெட்ஸ்கேப் உலாவி தன் ரகசியச் சாவிகளை எவ்வாறு ஆக்குகிறது என்பதை அக்கக்காகப் பிரித்துப் பார்த்தார்கள். யூனிக்ஸ் யந்திரங்களில் அதன் வித்து நான்கே பொருள்களால் ஆகியிருந்தது: அப்போதைய மணி வினாடிக் கணக்கில், வினாடிக்குள் மைக்ரோ வினாடி, உலாவி ஓடும் பணியின் எண், அதைப் பெற்ற தாய்ப்பணியின் எண். அதே யந்திரத்தில் கணக்கு வைத்திருக்கும் ஒருவனுக்குப் பணியெண்கள் இரண்டும் பட்டியலிலேயே தெரியும். செய்தி புறப்பட்ட வினாடி கம்பியில் தெரியும். எஞ்சி நிற்பது பத்து லட்சம் மைக்ரோ வினாடிகளில் எது என்னும் கேள்வி ஒன்றுதான். 128 பிட் நீளமுள்ள சாவி என்று விளம்பரம் பெற்ற பூட்டு, உண்மையில் 20 பிட் அளவே வலிமை உடையதாக இருந்தது.

அந்த உலாவியை எழுதியவர்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. ஒரு சாதாரண நிரலுக்கு வெளியுலகத்தோடு நேரடித் தொடர்பு கிடையாது; கடிகாரத்தையும் பணியெண்ணையும் விட்டால் அது எதைப் பற்றிக்கொள்ளும்? விசை தட்டப்பட்ட கணம், சுட்டி நகர்ந்த கணம், வட்டு தன் விடையைக் கொண்டுவந்த கணம் ஆகிய அனைத்தும் முதலில் வந்து சேரும் இடம் கெர்னல் ஒன்றேயாகும். இவ்விஷயத்தைக் கண்டுகொண்டு காரியமாற்றியவர் அப்போது எம்ஐடியில் பணியாற்றிய தியோடர் சோ. பில் சிம்மர்மனின் பிஜிபி என்னும் மறையீட்டு நிரல், பயனரை ஏதாவது தட்டச்சுச் செய்யச் சொல்லி விசைகளுக்கு இடைப்பட்ட கால அளவுகளைச் சேகரித்து வந்தது. அந்த யுக்தியைக் கெர்னலுக்குள் கொண்டுவந்து, எல்லா நிரல்களுக்கும் பொதுச் சொத்தாக்க அவர் 1994இல் முனைந்தார். அவருடைய ஆக்கம் மறு ஆண்டில் லினக்ஸின் 1.3.30ஆம் பதிப்பில் இடம்பெற்றது.

அதன் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். கெர்னலின் நினைவகத்தில் 4,096 பிட் கொள்ளளவுள்ள ஒரு தொட்டி. ஒவ்வொரு விசைத் தட்டலும் சுட்டி அசைவும் வட்டின் பதிலும் நேர்ந்த கணம் அத்தொட்டிக்குள் கலக்கப்படும். கலந்தபின், இந்நிகழ்ச்சி எவ்வளவு எதிர்பாராத தன்மையைச் சேர்த்தது என்பதை, முந்தைய நிகழ்ச்சிகளோடு அதற்குள்ள கால இடைவெளியையும், இடைவெளிகளுக்குள்ள வித்தியாசத்தையும், அவ்வித்தியாசங்களின் வித்தியாசத்தையும் கணக்கிட்டு, மூன்றில் மிகக் குறைந்ததையே எடுத்துக்கொண்டு மதிப்பிடுவார்கள். அம்மதிப்பு என்ட்ரோபி என்னும் பெயரால் ஒரு கணக்கில் வரவு வைக்கப்படும். எண் கேட்பவருக்குத் தொட்டியை அப்படியே காட்டாமல், அதை ஹாஷ் என்னும், விடையிலிருந்து மூலத்தைத் திரும்பப் பெற இயலாத கணிதச் சார்பொன்றில் இட்டு அரைத்து வெளிவருவதையே கொடுப்பார்கள். சங்கேத முறையை விடுத்து ஹாஷை நாடியதற்கு ஒரு ராஜாங்கக் காரணமும் இருந்தது: அந்நாளில் அமெரிக்கா வலிய சங்கேத நிரல்களை ஏற்றுமதி செய்யவொட்டாமல் சட்டத்தால் தடுத்திருந்தது, ஹாஷுக்கு அத்தடை இல்லை.

வெளிவாசல்கள் இரண்டு வைக்கப்பட்டன. டெவ் ராண்டம் என்னும் கோப்பு, கொடுக்கும் ஒவ்வொரு பிட்டையும் கணக்கில் பற்று எழுதி, இருப்புத் தீர்ந்தால் மறுபடி வரவு வரும்வரை கேட்டவரைக் காக்கவைக்கும். டெவ் யூராண்டம் என்னும் கோப்போ, இருப்பு எதுவாயினும் தயங்காமல் எந்நேரமும் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஹாஷ் சார்பு ஒருநாள் உடைபட்டுவிட்டால், கொடுத்த எண்களிலிருந்து தொட்டியின் நிலையையே எதிரி கண்டுபிடித்துவிடக்கூடும் என்ற ஜாக்கிரதையுணர்வே முதல் வாசலின் கண்டிப்புக்குக் காரணம். அக்காலத்து ஹாஷ்களின் வயதையும் அனுபவத்தையும் நினைத்தால், அந்த ஜாக்கிரதையை அவமதிக்க நமக்கு மனம் வராது.

எனினும் அந்த அமைப்புக்குள் ஒரு தவறான கருத்து குடிபுகுந்திருந்தது. எதிர்பாராத தன்மையை அது குதிரில் கொட்டிவைத்த நெல்லாகப் பாவித்தது. ஒரு மரக்கால் எடுத்தால் ஒரு மரக்கால் குறையும் என்று எண்ணியது. மெய்யான நிலைமையோ வேறு. எவராலும் ஊகிக்க இயலாத 256 பிட் வித்து ஒருமுறை அமைந்துவிட்டால், தேர்ந்த சங்கேத முறையொன்றைக் கொண்டு அதிலிருந்து எத்தனை கோடி எண்களை எடுத்தாலும் எடுத்தவை அடுத்ததைக் காட்டிக்கொடுப்பதில்லை. அந்தச் சங்கேத முறையே உடைந்துவிடுமோ என்று அஞ்சுகிறவர், அந்த எண்ணைச் சாவியாக்கி அதே வகையான முறையால் தன் கடிதத்தை மறைப்பதில் அர்த்தமே இல்லை. ஆகவே வற்றிவிடும் என்ற அச்சம் ஆதாரமற்றது. மெய்யான அபாயம் வித்து இன்னும் அமையாத முதற் கணங்களில் இருந்தது. இவ்விரண்டையும் லினக்ஸின் இரு வாசல்களும் தலைகீழாக்கிவிட்டன. ஒன்று, தேவையில்லாதபோதும் காக்கவைத்தது; மற்றது, காக்கவைத்தே தீரவேண்டிய வேளையிலும் கொடுத்துவிட்டது.

இதன் பலன்கள் நடைமுறையில் விரைவில் தெரிந்தன. ஆளரவமற்ற அறைகளில் விசைப்பலகையின்றி ஓடும் சர்வர்களில் டெவ் ராண்டத்தை நம்பிய நிரல்கள் நிமிஷக் கணக்கில் உறைந்து நின்றன. புதிய சாவி ஆக்க முயன்றவர்கள் சுட்டியை அங்குமிங்கும் அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பொறுமையிழந்த நிர்வாகிகள் சிலர் ஒரு கோப்பின் இடத்தில் மற்றொன்றை வைத்துவிடும் அளவுக்குப் போனார்கள். தேவையற்ற கண்டிப்பு எப்போதும் மீறலையே கற்றுக்கொடுக்கும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று. அயல் அமைப்புகள் இதற்குள் வேறு வழி கண்டிருந்தன. ஃப்ரீபிஎஸ்டி, கெல்சி, ஷ்னையர், ஃபெர்குசன் ஆகியோர் 1999இல் வெளியிட்ட யாரோ என்னும் அமைப்பைத் தழுவி, வித்து அமையும்வரை காக்கவைத்து அதன்பின் என்றும் காக்கவைக்காத ஒரே வாசலை ஏற்படுத்தியது. ஓபன்பிஎஸ்டியோ, முந்திய ஓட்டத்தில் சேமித்த வித்தைக் கெர்னல் கண்விழிக்கும் முன்பே அதன் கையில் கொடுத்துவிடும் ஏற்பாட்டை நாளடைவில் செய்துகொண்டது.

லினக்ஸின் முதற்கணக் குறையை 2006லேயே இஸ்ரேலைச் சேர்ந்த குட்டர்மன், பின்காஸ், ரெய்ன்மன் ஆகிய மூவர் சுட்டிக்காட்டியிருந்தார்கள்: வீடுகளில் வைக்கப்படும் ரௌட்டர் போன்ற சிறு கருவிகளில் சுழலும் வட்டும் இல்லை, விசைப்பலகையும் இல்லை, முந்திய நிலையைச் சேமிக்கும் வழக்கமும் இல்லையாதலால் தொட்டி ஏறத்தாழ வெறுமையாகவே தொடங்குகிறது என்று அவர்கள் எச்சரித்தார்கள். இடையில் 2008 மே மாதத்தில் மற்றொரு விபரீதம் வெளிப்பட்டது. டெபியன் தொகுப்பில் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் ஒரு வரி நீக்கப்பட்டதன் விளைவாக, இரண்டாண்டுக் காலமாக அங்கே ஆக்கப்பட்ட சாவிகளின் வித்தில் பணியெண் ஒன்றைத் தவிர வேறெதுவும் எஞ்சவில்லை. ஒவ்வொரு வகைச் சாவிக்கும் சற்றேறக்குறைய 32,000 சாத்தியங்களே இருந்தன. கெர்னல் கொடுத்தது செம்மையாக இருந்தும், இடையில் நின்ற தரகனிடம் அது தொலைந்துபோயிற்று.

2012இல் நாடியா ஹெனிங்கர், ஜாகிர் துருமெரிக், எரிக் வுஸ்ட்ரோ, அலெக்ஸ் ஹால்டர்மன் ஆகியோர் இணையம் முழுவதையும் துழாவி, இணையத் தொடர்பை மறைக்க உதவும் 58 லட்சம் டிஎல்எஸ் சான்றிதழ்களையும், தொலைவிலிருந்து யந்திரங்களுக்குள் நுழைய உதவும் 62 லட்சம் எஸ்எஸ்எச் சாவிகளையும் திரட்டி ஆராய்ந்தார்கள். ஆர்எஸ்ஏ முறையில் பொதுச் சாவி என்பது இரண்டு பெரும் பகா எண்களின் பெருக்கற்பலன். அதைத் திரும்ப இரண்டாகப் பிரிப்பது மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டது என்பதே அம்முறையின் அஸ்திவாரம். ஆனால் ஒரே தொழிற்சாலையில் ஒரே வார்ப்பில் பிறந்த இரண்டு ரௌட்டர்களை நினைத்துப் பாருங்கள். இரண்டும் முதன்முறை மின்சாரம் பெற்று எழுந்தவுடன், ஒரே வெறுமையான தொட்டியிலிருந்து டெவ் யூராண்டம் வழியாக எண்ணைப் பெற்று, தத்தம் சாவியை ஆக்கத் தொடங்குகின்றன. முதற் பகா எண் இரண்டுக்கும் ஒன்றாகவே வாய்க்கிறது. இரண்டாவதைத் தேடும் இடைவேளையில் ஒன்றின் கடிகாரத்தில் வினாடி முன்னே தாண்டிவிடவே, அந்தப் பகா எண் மட்டும் வேறுபடுகிறது. இவ்வாறு ஒரு பகா எண்ணைப் பங்கிட்டுக்கொண்ட இரண்டு சாவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பள்ளிப் பிள்ளைகள் கற்கும் யூக்ளிடின் மீப்பெரு பொதுவகுத்தி முறையைப் பிரயோகித்தால், பிரிக்க முடியாதவை எனப்பட்ட இரண்டும் கணத்தில் பிரிந்து விழுந்துவிடும். டிஎல்எஸ் யந்திரங்களில் 0.50 சதவீதத்தின் அந்தரங்கச் சாவி அவ்விதம் வெளிப்பட்டது. ஒவ்வொரு சாவியையும் தனியே பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது. ஒன்றோடொன்று சேர்த்து வைத்தபோதுதான் பிறப்பின் குறை தெரிந்தது.

அதே ஆண்டில் சோ மீண்டும் முன்னின்று, சாதனங்கள் செயலியை இடைமறித்து அழைக்கும் ஒவ்வொரு இன்டரப்ட்டின் காலத்தையும் தொட்டியில் கலக்குமாறு அமைப்பைத் திருத்தினார். இன்டெல் செயலிகளும் ஆர்டிராண்ட் என்னும் கட்டளையின் மூலம் தற்செயல் எண்ணைத் தாமே தரத் தொடங்கின. ஆனால் 2013இல், அமெரிக்க உளவுத்துறைக்கு ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றிய ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள், டூயல் ஈசி என்னும் தர நிர்ணய முறைக்குள் அமெரிக்க உளவுத்துறை கள்ளவாசல் வைத்திருந்தது என்ற சந்தேகத்தை வலுப்படுத்தவே, மூடிய சில்லுக்குள்ளிருந்து வரும் எண்ணை எவ்வளவு தூரம் நம்புவது என்ற வினா எழுந்தது. லினக்ஸ் அதற்கு நிதானமான ஒரு விடையைக் கைக்கொண்டது: சில்லின் எண்ணை ஒதுக்கவும் இல்லை, அதையே சரணடையவும் இல்லை, மற்றவற்றோடு கலந்துகொண்டது. பல ஊற்றுகளைச் செவ்வனே கலக்கும்போது, அவற்றுள் ஒன்று உண்மையாயினும் கலவை ஊகத்துக்கு எட்டாததாகவே இருக்கும் என்பது இக்கலையின் அடிப்படை நெறி.

2014 அக்டோபரில் வெளிவந்த 3.17ஆம் பதிப்பில் கெட்ராண்டம் என்னும் அழைப்பு சேர்ந்தபோதுதான் சரியான ஒப்பந்தம் லினக்ஸில் முதன்முதலாக எழுத்தில் வந்தது: வித்து அமையும்வரை ஒரே ஒரு முறை காத்திருத்தல், அதன்பின் ஒருபோதும் காத்திராமை. 2016இல் 4.8ஆம் பதிப்பு, டேனியல் பெர்ன்ஸ்டைன் வகுத்த சாசா20 முறையை எண்களை வளர்க்கும் யந்திரமாக ஏற்றது. கருத்தளவில் காரியம் முடிந்துவிட்டதாகவே தோன்றியது. நடைமுறையோ மற்றொரு பரீட்சையை வைத்திருந்தது.

2019 செப்டம்பரில், 5.3ஆம் பதிப்பு வெளியாகும் தறுவாயில், சில கணிப்பொறிகள் தொடக்கத்திலேயே அசையாமல் நின்றுவிட்டன. காரணத்தைத் தேடியவர்கள் எதிர்பாராத இடத்தில் அதைக் கண்டார்கள். எக்ஸ்ட்4 கோப்பமைப்பை எழுதியவர்கள் அதன் வட்டுவாசிப்புகளைத் திறம்படத் தொகுத்திருந்தார்கள். தொடக்கத்தின்போது வட்டை நாடும் தடவைகள் குறைந்தன. நாடுதல் குறையவே இன்டரப்ட்டுகள் குறைந்தன. இன்டரப்ட்டுகள் குறையவே தொட்டிக்கு வரவு குறைந்தது. நுழைவுத் திரையை எழுப்பும் வழியில் கெட்ராண்டத்தை அழைத்த நிரலோ, வித்து அமையட்டும் என்று ஒப்பந்தப்படி காத்துக்கொண்டே இருந்தது. அது காத்திருந்ததனால் வேறெந்த வேலையும் நடக்கவில்லை. வேலை நடவாமையால் வித்தும் அமையவில்லை. கோப்பமைப்பு வேகம் பெற்றது குற்றமா, எண் வழங்கும் பகுதி வாக்குத் தவறாதது குற்றமா என்றால், இரண்டும் குற்றமில்லை. ஆயினும் பயனருக்கு முன்னே இருந்தது இருண்ட திரை. லினக்ஸைத் தோற்றுவித்த லைனஸ் டோர்வால்ட்ஸ் கோப்பமைப்பின் திருத்தத்தைத் தற்காலிகமாகத் திரும்பப் பெற்று 5.3ஐ வெளியிட்டார். அடுத்த பதிப்பில், காத்திருக்க நேரும்போது கெர்னல் சும்மா இராமல், தன் சொந்த வேலைகளின் கால அளவில் எழும் நுண்ணிய தடுமாற்றங்களை அளந்து அளந்து தானே வித்தைத் தேடிக்கொள்ளும் ஏற்பாட்டைச் சேர்த்தார். அதன் வலிமையைப் பற்றி வல்லுநர்களிடையே கருத்துவேற்றுமை உண்டெனினும், முடிவின்றிக் காத்திருத்தல் என்னும் நிலை பெரும்பாலான யந்திரங்களில் நீங்கியது.

2020இல் 5.6ஆம் பதிப்பு, ஆண்டி லூட்டோமிர்ஸ்கியின் முயற்சியால், பழைய பற்றுவரவுக் கணக்கின் பிடியிலிருந்து டெவ் ராண்டத்தை விடுவித்தது. அதுவும் வித்து அமையும்வரை மட்டுமே காக்கவைக்கும் வாசலாயிற்று. 2022இல் வயர்கார்ட் என்னும் நிரலின் ஆசிரியரான ஜேசன் டோனன்ஃபெல்ட் பகுதி முழுவதையும் சீரமைத்து, 4,096 பிட் தொட்டியின் இடத்தில் பிளேக்2எஸ் ஹாஷ் ஒன்றையே வைத்து, கலத்தல் என்னும் வேலையைச் சங்கேத சாஸ்திரத்தின் நிரூபணங்களுக்கு உட்படுத்தினார். டெவ் யூராண்டத்தையும் வித்து அமையும்வரை காக்கவைத்து இரண்டு வாசல்களையும் ஒன்றாக்கிவிட அவர் முயன்றபோது மட்டும், துல்லியமான கடிகாரம் இல்லாத சில பழைய கட்டமைப்புகளில் யந்திரங்கள் எழாமல் நின்றுவிடவே, அம்மாற்றம் சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது.

இந்த வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, இதில் பங்குகொண்டவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர் என்பது வெளிப்படை. அவர்களுடைய கவனம் முழுவதும் தவறான கணத்தில் ஊன்றியிருந்தது என்பதே உண்மை. நெடுநாள் ஓடிய யந்திரத்தில் தீர்ந்துபோகாத பொருளைத் தீர்ந்துவிடுமோ என்று எண்ணி எண்ணிக் காத்தார்கள். புதிதாய் எழுந்த யந்திரத்தில் இல்லாத பொருளை இருப்பதாகக் கொண்டு வழங்கினார்கள். பாதுகாப்பு வழங்கும் அமைப்பு எதுவாயினும், தன்னிடம் பொருள் இல்லாத வேளையில் இல்லை என்று சொல்லிக் காக்கவைக்கும் நேர்மையையும், இருக்கும் வேளையில் வீண் தடை செய்யாத தாராளத்தையும் ஒருங்கே பெற்றிருத்தல் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அதன் மேல் எழுப்பிய கட்டடம் சாய்கிறது. ஏனெனில் மேலே இருக்கும் நிரல் எதற்கும், தனக்குக் கிடைத்த எண் நல்லதா போலியா என்று சோதித்தறிய வழியே இல்லை. அந்த அறிவு கெர்னலிடம் மட்டுமே உண்டு. ஆதலின் அந்தப் பொறுப்பும் அதனிடமே இருத்தல் தகும். டெவ் யூராண்டம் என்னும் பழைய வாசலில் எஞ்சிய சிறு விதிவிலக்கும் நீங்கும் நாளில்தான், 1994இல் தொடங்கிய வேலை முழுமை பெற்றதாகச் சொல்ல முடியும்.